ஜோடி நீலம்

அன்புக் குட்டிமாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பாதி நலம் என்று வைத்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, சளி விட்டதா? பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே, எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் நாளைக் கடத்தினேன்.

நம் தெரு வக்கீலம்மா, தன் தாத்தாவின் எழுதுமேசைச் சாமான்களை அப்பாவிடம் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறார். மைக்கூடு, பேனாத் தட்டு, உறை பிரிக்கும் கத்தி, எல்லாம் பழைய எனாமல் வேலை. தட்டில் உலோகத்திலேயே அலையலையாகக் கோடு செதுக்கி மேலே தெளிந்த நீலத்தை உருக்கியிருக்கிறார்கள், சாய்த்தால் தண்ணீர் அசைகிற மாதிரி இருக்கிறது. மைக்கூட்டு மூடியில் மயிரிழைக் கம்பியை இதழிதழாக வளைத்துப் பாத்தி கட்டி, உள்ளே வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சுட்டிருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு இதழ் பெயர்ந்துவிட்டது. மூடிக்கு ஒத்துப்போகிற நீலப் பொடி அப்பாவிடம் இதழை நிரப்பப் போதாமல், ஒரு சின்ன மெல்லிய வில்லைக்குத்தான் மிச்சமிருந்தது. அதை மாதிரிக்குச் சுட்டு வைத்துக்கொண்டு, அதே நீலத்தைப் புதிதாகக் கலந்து இன்னொரு வில்லை சுட்டார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இல்லையா என்று கேட்டார். ஒன்று நீலம் குட்டிமா, மற்றது எனக்குப் பச்சையாகத் தெரிந்தது. கொஞ்சம் பச்சை அடிக்கிறதே என்றேன். "ஏன், காலேஜ்ல நிறமும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று என் படிப்பைக் கிண்டலடித்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணை நம்பித்தானே நம் வீடு நடக்கிறது. கண் டாக்டரிடம் போகலாம் என்றால் ஊசியில் நூல் கோர்த்துக் காட்டுகிறார். இதழில் நிரப்பிச் சுட்டுவிட்டால், தோண்டி எடுக்கும்போது பக்கத்து இதழ்களும் உதிரும். அதனால் மூடியை உலைக்குள் வைக்கிற கம்பித் தாங்கியை மாவு டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன். வீடு முழுக்கத் தேடுகிறார், நானும் கூடவே தேடுகிறேன். அடுத்த வாரமும் கிடைக்காவிட்டால் புதிதாக முறுக்கிக்கொள்வாராம்.

வில்லைகளை உனக்கு அனுப்ப என்ன சாக்குச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, அவரே இரண்டுக்கும் கொக்கி வைத்து, "ஜோடி சேந்துடுச்சு, பொண்ணு கம்மலா போட்டுக்கட்டும்" என்று பஞ்சில் சுற்றித் தந்தார். இத்துடன் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் பார். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் கோளாறு என் கண்ணில்தான், சந்தோஷமாகக் கண்ணாடி மாட்டிக்கொள்வேன். இல்லையென்றால் லீவு போட்டுவிட்டு வந்துவிடு, நீ கூப்பிட்டால்தான் டாக்டரிடம் வருவார். போனில் சொல்லாதே, அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எனக்கு மட்டும் எழுது.

குறையில்லாமல் இரு, வெந்நீர் குடி. கம்மல் எந்த நிறமாகத் தெரிந்தாலும், இரண்டையும் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு ஒரு படம் அனுப்பு. தினமும் கேட்கிறார்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா