ஒத்திகை பார்த்த வகுப்பு

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நலம்தான். உங்கள் இருமல் நின்றதா? போனில் சொன்னால் பாதியிலேயே, "சரி விடு, கிளம்பி வந்துரு" என்பீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு டீச்சர் வேலை சரிப்படாது, பயிற்சியை விட்டுவிட்டு உங்களோடு வந்துவிடுகிறேன் என்று போன வாரம் அழுதேன். நீங்களும் கையோடு வீடு பார்த்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

என் வகுப்பைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து பேராசிரியை வந்தார். பயத்தில் நான் ஒரு கோணங்கித்தனம் செய்திருந்தேன். அதே பின்னப் பாடத்தை முந்தின நாளே நடத்தி, எந்தக் கேள்விக்கு யார் எழுந்து பதில் சொல்வது என்று பிள்ளைகளுக்கு ஒத்திகையும் வைத்திருந்தேன். நான் வணக்கம் சொல்லி வாயை மூடுவதற்குள் முன் பெஞ்சுப் பெண் எழுந்து, "நாலுல ஒண்ணைவிட மூணுல ஒண்ணுதான் பெருசு டீச்சர்" என்றாள். நான் கேள்வியே கேட்கவில்லை! மானம் கப்பலேறிவிட்டது.

பேராசிரியை சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இவங்களுக்குத் தெரியாததை எடும்மா" என்றார்.

அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னேன். மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று வகுப்பே கத்தியது. தப்பு என்றேன். அந்த முன் பெஞ்சு வாயாடி விடுவாளா? ஏன் தப்பு என்று மல்லுக்கு நின்றாள். எப்படி விளக்கியும், "புரியல டீச்சர்" என்றாள். கடைசியில் காகிதத்தைக் கிழித்து, இது பாதி, இது ஐந்தில் இரண்டு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உற்றுப் பார்த்தவள், "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, பாதியைவிட எப்படிக் குறையும்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சரியான விடைக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் காலை வாசலிலேயே பிள்ளைகள் என்னை மறித்துக்கொண்டு விடையைக் கேட்டார்கள். எனக்கு இந்த வேலை வரும் என்று அப்போதுதான் நம்பினேன்.

ஆனால் அந்த ஒத்திகைக்காக எனக்குத் தேர்ச்சி தரவில்லை. பேராசிரியை செய்தது நியாயம்தான். மறுபடி முழுப் பயிற்சியும் எடுக்க வேண்டும், இன்னும் ஒரு வருடம். எடுக்கிறேன் என்று உங்களைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீங்கள் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திட்டுவதானால் ஆசை தீரத் திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இன்னும் தேறாத,
உங்கள் டீச்சரம்மா