‘மேல்நகரம் 2’ படத்தில் செத்துக்கொண்டே இருக்கும் எங்கள் சந்து

அனுப்புநர்
செயலாளர் (தொழில்: லிப்ட் மெக்கானிக்),
தண்ணீர்த் தொட்டிச் சந்து குடியிருப்போர் சங்கம்.

பெறுநர்
தலைமை அதிகாரி அவர்கள்,
திரைப்படத் தணிக்கை அலுவலகம்.

பொருள்: மேற்படி படத்திலிருந்து எங்கள் முகங்களை நீக்கவும், மூன்றாம் பாகத்தில் அவற்றைப் பயன்படுத்தாமல் தடுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. முதல் பாகத்தில், தரைக்கடியில் வாழும் கீழ்நகர் மக்கள் போராடி வாக்குரிமை பெற்றார்கள். எங்கள் சந்தே எழுந்து நின்று கைதட்டியது. ஆகவே இரண்டாம் பாகத்துக்குக் ‘கீழ்நகர் மக்கள்’ தேவை என்று படக்குழு வந்தபோது, என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை.

2. எங்களை ஒவ்வொருவராக வட்ட மேடையில் நிறுத்தி, சுற்றிலும் கேமராக்களை வைத்தார்கள். உடுப்புக்கு அளவெடுக்கிறார்கள் என்றே நம்பினோம். எங்கள் தையற்காரர், “கையைத் தூக்கச் சொல்லாம என்னய்யா அளவெடுக்கிறீங்க?” என்று குறைகூடச் சொன்னார். அவர்கள் எடுத்துக்கொண்டது எங்கள் உருவத்தை என்பது தியேட்டரில்தான் தெரிந்தது.

3. அந்த அதிர்ச்சியிலிருந்து நாங்கள் இன்னும் மீளவில்லை. இந்தப் பாகத்தில் கீழ்நகர் மக்கள் வாக்குரிமையோடு மூளையையும் இழந்து, இயந்திர மனிதர்களாகிவிடுகிறார்கள். எங்களைக் கணினியில் ஆயிரக்கணக்கில் நகலெடுத்திருக்கிறார்கள். என் மனைவி பாலத்தில் சாகிறார், சுரங்கத்தில் சாகிறார், பாலத்துக்கே திரும்பி வந்து மறுபடி சாகிறார். நாயகன், “இதுங்களுக்கு உயிரே கிடையாது, சுடு!” என்கிறார். அரங்கம் விசிலடிக்கிறது. பக்கத்து இருக்கையில் இருந்த என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் என்னங்க பண்ணேன்?” என்று கேட்டார். படத்தில் வரும் ஆட்சி மன்றத்தில் கீழ்நகருக்கு ஒரே ஓர் உறுப்பினர். எங்கள் தரப்பில் வசனம் உள்ளவரும் அவர் ஒருவரே. அவர்தான் துரோகி.

4. நாயகனின் இயந்திர நாய் இறக்கும் காட்சி மனதைப் புண்படுத்தும் என்று தங்கள் அலுவலகம் அதை வெட்டியதாகச் செய்தித்தாளில் படித்தேன். நாய் பிழைத்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சியே. எங்கள் சாவுகளை எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று அனுமதித்திருக்கிறீர்கள்.

5. பார்த்தும் விட்டார்கள். என் மனைவி மழலையர் பள்ளியில் ஆயா. இப்போது பிள்ளைகள் அவரைக் கண்டதும் மேசைக்கடியில் ஒளிகிறார்கள். துணிச்சலானவர்கள் விரலை நீட்டிச் சுடுகிறார்கள். எல்லாரும் அவர் மூக்குத் துடைத்துவிட்ட பிள்ளைகள். தலைமையாசிரியை, “தப்பா நினைச்சுக்காதீங்கக்கா, கொஞ்ச நாள் பாத்திரம் கழுவுற பக்கமே இருங்க. அடுத்த பாகத்துல நல்லவங்களா வந்தீங்கன்னா வகுப்புக்கே வந்துடலாம்” என்று அன்பாகவே கூறியிருக்கிறார். இந்தப் பருவம் முடிந்தால் அந்த வேலையும் இருக்காது என்று பேச்சு.

மூன்றாம் பாகத்துக்கு எங்களை யாரும் அழைக்கவில்லை. விசாரித்தால், அழைக்கத் தேவையில்லையாம். உருவங்கள் கைவசம் இருக்கின்றனவாம்.

எனவே, எங்கள் முகங்களைப் படத்திலிருந்து நீக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் காலம் பிடிக்குமெனில், பள்ளிப் பருவம் முடிவதற்குள் தாங்கள் ஒருமுறை அங்கே நேரில் வந்து, என் மனைவிக்கு உயிர் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்தேன். என்னையும் சுட்டுவிட்டார்கள்.

இடம்: தண்ணீர்த் தொட்டிச் சந்து
நாள்: படம் வெளியான பின் வந்த மூன்றாவது திங்கட்கிழமை

தங்கள் வருகையை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
சங்கச் செயலாளர்