இரண்டு முறை வாங்கிய பச்சைக் கோட்டு

அன்புள்ள பிலிப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே திமாருவில் என் வலது மணிக்கட்டைத் தவிர எல்லாரும் நலம், மெல்போர்னில் நீயும் கேலமும் முழு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் உறைபனியில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஹெஸ்டர் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்துக் கட்டுரை மாதிரி என் வாக்கியங்களைத் திருத்துகிறாள், திருத்தட்டும், ஆனால் சொல்வதைக் குறைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா கோழிக்கூண்டுக்குக் கூரை மாற்றுகிறேன் என்று இரண்டு தடவை கட்டைவிரலில் அடித்துக்கொண்டார்.

உன் கடிதம் வந்தது. "என் கல்யாணத்துக்காவது புதுசா ஒண்ணு வாங்கிக்கோம்மா, ஆப் ஷாப்ல விக்கிற பழைய துணி வேணாம், பணம் நான் அனுப்புறேன்" என்று எழுதியிருக்கிறாய். பணம் அனுப்பாதே. உனக்குப் பன்னிரண்டு வயதில் ஒருத்தி வகுப்பு நடுவில் "அது என்னோட பழைய பாவாடைடீ" என்று சொன்னதும் நீ வீட்டுக்கு வந்து அழுததும் எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியாததை இன்றைக்கு உனக்குச் சொல்கிறேன், வெட்கப்பட வேண்டியவள் அவ்வளவு நல்ல கம்பளிப் பாவாடையைத் தூக்கிப் போட்டவள்தான்.

கோட்டு ஏற்கெனவே கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. மார்ச் மாதம் தேவாலயத்து ஆப் ஷாப்பில், ஆண்களின் மழைக்கோட்டு வரிசையில் யாரோ தப்பாக மாட்டியிருந்தார்கள். பாசிப் பச்சை, உள்ளே பட்டு. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன், கைத்தையல், பொத்தான் துளைகள்கூடக் கையால் போட்டவை, பாரிஸ் தையலகத்தின் பெயர்த்துண்டு கழுத்தில் அப்படியே இருந்தது. இருபது டாலர். கை அகலமாக இருப்பதால் இப்போது மாவுக்கட்டின் மேலேயும் ஏறுகிறது. எந்தப் புதுக்கடையில் இது கிடைக்கும் சொல்.

இந்த வியாழக்கிழமை அதைப் போட்டுக்கொண்டே அங்கே வழக்கமான தன்னார்வ வேலைக்குப் போனேன், நன்கொடை மூட்டைகளைப் பிரிக்கும் அறையில் ஹீட்டர் சூடு தாங்காமல் கழற்றி நாற்காலியில் போட்டேன். பத்து நிமிஷம்தான். கடையைப் பார்த்துக்கொள்ளும் நோயலீன் அதையும் நன்கொடை என்று நினைத்து விலைச்சீட்டு குத்தி வெளியே மாட்டிவிட்டாள். நான் போய்ப் பார்க்கும்போது, இங்கே மலிவாக வாங்கி நகரத்தில் கூடுதல் விலைக்கு விற்கிற ஒரு பெண் அதைக் கையில் பிடித்திருந்தாள். நான் இடது கையால் இன்னொரு பக்கத்தைப் பிடித்தேன். "விடுங்கம்மா, நான்தான் முதல்ல எடுத்தேன்" என்றாள். "மார்ச்லயே நான் எடுத்துட்டேன், பாக்கெட்ல கைவிட்டுப் பாரு, என் மூக்குக்கண்ணாடி இருக்கும்" என்றேன். இருந்தது. உடனே குரலை இறக்கி "நானூறு டாலர் தர்றேன்" என்றாள். நீ சொல்கிற மாதிரிப் புது உடுப்பு ஒன்று அந்தப் பணத்தில் வந்திருக்கும், எனக்கும் அது தெரியும். கையை எடுக்கச் சொன்னேன்.

நோயலீன் இருக்கிறாளே, அவள் லேசில் விடவில்லை. "சீட்டு குத்தியாச்சுன்னா கடைச் சரக்கு, க்ளெனிஸ். பாதிரியாரே வந்தாலும் கல்லாவுக்குப் போயித்தான் ஆகணும்" என்றாள். பதினோரு வருஷமாக நானே எல்லாருக்கும் சொல்லி வந்த விதி. பதினைந்து டாலர் கட்டி என் கோட்டை நானே வாங்கினேன். போன தடவையைவிட மலிவு.

அந்தச் சீட்டைத்தான் இந்தக் கடிதத்தில் குத்தியிருக்கிறேன், வைத்துக்கொள். கேலமின் அம்மா எங்கே வாங்கியது என்று கேட்டால் நீ தடுமாற வேண்டாம், நானே சொல்வேன், தெரு எண்ணோடு. போட்டோவில் என்னைப் பின்வரிசையில் நிறுத்தலாம் என்றும் நினைக்காதே, அந்தப் பச்சை எங்கே நின்றாலும் தெரியும்.

இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் வாழுங்கள். கல்யாண வேலையில் சாப்பிட மறக்காதே. அப்பாவுக்குக் கழுத்து அளவு பதினாறரை, வாடகைக் கோட்டு எடுப்பவரிடம் சொல்லிவிடு.

உன் அம்மா,
க்ளெனிஸ்

இது ஹெஸ்டர்: எனக்கும் ஷூ அங்கேதான் எடுத்தாயிற்று, அக்கா.