பாட்டு வராத பிள்ளை

சூட்டி மகள், புனித அன்னம்மாள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இத்தாலியில் நீயும் மருமகனும் பேரன் லூக்காவும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். அப்பாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது, காற்று அதிகம் என்று கடலுக்கு ஒருவரும் போவதில்லை, வீட்டில் இருந்து என்னோடு கொளுவிச் சண்டை பிடிக்கிறார். போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு றிஸ்மியா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ பார்த்து அழுத அந்தச் சினிமாப் படத்தைப் போன ஞாயிறு பூசை முடிய பங்கு மண்டபத்திலும் போட்டார்கள். படிப்பு ஏறாத பிள்ளைகளைப் பற்றித் தாய் தகப்பனுக்கு விளங்கப்படுத்தவாம். கிளைட்டனைப் பெற்றவள் என்று என்னை முன் கதிரையில் இருத்தினார்கள், செத்த பிறகாவது உன் தம்பிக்கு முன்வரிசை கிடைத்தது. படத்தில் அந்தப் பிள்ளைக்கு எழுத்து வராதாம், ஆனால் முடியும் வரை ஒருதரம்கூட மூக்கு ஒழுகவில்லை, தலைமயிர் கலைந்தாலும் அழகாகத்தான் கலைந்தது. கடைசியில் பார்த்தால் பிள்ளைக்குப் பாட்டு வருகிறது, மேடையில் ஏறிப் பாடுகிறது, அதுவரை அடித்த தகப்பன் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறான், மண்டபம் முழுக்க மூக்கைச் சீறுகிறது. பாட்டு வராவிட்டால் அந்த மனிசன் இன்னும் அடித்துக்கொண்டுதானே இருப்பான், அதை ஒருவரும் யோசிக்கவில்லை, பணிசும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள், சாப்பிட்டார்கள்.

வெளியே வர அந்த மிஸ் என் கையைப் பிடித்தா. பள்ளிக்கூடத்தில் கிளைட்டனை வாசலோரம் தனியாக இருத்தி, தண்ணீர் அள்ளவும் வாளி கழுவவும் வைத்திருந்த அதே மிஸ்தான். லேஞ்சியால் கண்ணைத் துடைத்தபடி, கிளைட்டனுக்குள்ளயும் ஏதோ ஒரு திறமை இருந்திருக்கும் அம்மா, நாங்கதான் கண்டுபிடிக்காம விட்டுட்டம் என்றா. ஒரு திறமையும் இல்ல மிஸ், நல்லாச் சோறு தின்னுவான் என்றேன். அப்ப திறமை இல்லாத பிள்ளைக்கு வாசலோரம் சரியான இடந்தானே மிஸ் என்றும் கேட்டேன். அப்பா முழங்கையைப் பிடித்து இழுத்து, வாய மூடிட்டு நட, பாதர் பாக்குறார் என்றார்.

நான் பொய் சொல்லவில்லை மகள். இருபது வயதிலும் அவன் பொத்தானை மாறித்தான் பூட்டுவான். கருவாட்டை இனம் பிரித்து வை என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துவிட்டுச் சிரிப்பான், நான் ஏசி ஏசித் திரும்பப் பிரிப்பேன். போன தபசு காலம் காய்ச்சலில் போகும் வரை அப்படித்தான். இப்போது கருவாடு பிரித்து வைத்தது வைத்தபடியே கிடக்கிறது, எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

லூக்காவுக்கு வாசிக்க வருவதில்லை என்று டொக்டர் சொன்னாராம். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து நீ அவனைப் பாட்டு, நீச்சல், வயலின் என்று இழுத்துத் திரிகிறாய் என மருமகன் சொன்னார். ஏதாவது ஒன்றில் மின்னுவான் அம்மா என்கிறாய். நேற்று வீடியோவில் பிள்ளை பேசும்போதே நித்திரையில் சாய்ந்தான். பொறுமையாக எழுத்துப் படிப்பிக்க ஒரு ஆளைப் பிடி, அது சரி, மற்றதை விட்டு அவனை விளையாட விடு.

குளிருக்குப் பிள்ளைக்குக் காதை மூடிக் கட்டு. தம்பியின் வருசப் பூசை அன்று அங்கேயும் ஒரு மெழுகுதிரி கொளுத்து. அன்னம்மாள் உங்கள் மூன்று பேரையும் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். எல்லா வகுப்புக்கும் போய்வந்த பிறகும் லூக்காவிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், மகள், நீ எதைச் சொல்லி அவனைக் கட்டிப்பிடிப்பாய்?

உன் அம்மா,
மாக்கிறட்