பொட்டுவின் சங்கிலி என் பையில்

உங்களை எழுப்ப மனம் வரவில்லை. அதனால் எழுதிவைத்துவிட்டுப் பாடமெடுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

நேற்று நான் சீக்கிரம் வந்தது உங்களுக்குத் தெரியாது. கூடத்தில் போனில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பிள்ளை பிறப்பதற்குள் நாயைப் பழக்க நீங்கள் தினமும் போடுகிற அதே சத்தம்தான். நம் பொட்டு தொட்டிலுக்கடியில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. நீங்களோ பின்வாசல் படியில் இரண்டு காதையும் பொத்தி, கண்ணை இறுக மூடி, உடம்பெல்லாம் நடுங்க உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை ஹாரனுக்கு நடுவில் பஸ் ஓட்டுகிற மனுஷனா இது? சத்தம் காட்டாமல் தெருவுக்கே திரும்பிவிட்டேன்.

ராத்திரி, பொட்டு பழகிவிட்டதா என்று நான் கேட்டதற்கு, "எங்கடி, இன்னும் வெடவெடன்னு நடுங்குது. பேசாம தம்பி வீட்டுக்கே அனுப்பிடலாம்" என்று வாய் கூசாமல் சொன்னீர்கள். இதை நம்பித்தானே, பொட்டுவை அனுப்பக் கூடாதென்று இத்தனை நாளும் உங்களோடு சண்டை போட்டு அழுதேன்?

சாயங்காலம் உங்கள் தம்பி பொட்டுவைக் கூட்டிப்போக வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பொட்டு எங்கும் போகாது. எதற்கும் இருக்கட்டுமென்று சங்கிலியை நான் எடுத்துப் போகிறேன்.

இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். கோபமில்லை. பிள்ளை வரப்போவதை நினைத்தால் எனக்கும் பயம்தான். உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு இவ்வளவு நாளும் பொட்டுவிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு அந்தச் சத்தத்தைத் தனியாகப் போடாதீர்கள். நான் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே கேட்போம்.