அழிக்கப்படாத விடைத்தாள்கள்

அன்புள்ள வாயாடிக்கு,

சித்தி எழுதுகிறேன். சித்தப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது, என் முழங்கால் வலி கூடியிருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நீ ஃபோனை எடுப்பதில்லை. கடிதமென்றால் கோபத்தில் பாதியில் வைத்துவிட்டாலும் பிறகு எடுத்துப் படிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

அந்தக் கிடங்கில் பார்சல் கட்டும் வேலையில் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே இருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். தடிமனான காலுறை போட்டுக்கொள். கால் வலி என்னோடு போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் நூலக உதவியாளர் தேர்வு எழுதினாய். பட்டியலில் பெயர் வராததால், விடைத்தாளைப் பார்க்க வேண்டுமென்று எங்கள் தேர்வு அலுவலகத்துக்கு மனுப் போட்டாய். ‘விடைத்தாள்கள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு, “இனிமே கவர்மெண்டுன்னு போர்டு மாட்டின எந்த வாசலுக்கும் நான் போகமாட்டேன் சித்தி” என்றாய். அடுத்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

அந்தப் பதிலை டைப் செய்தது நான்தான். பிரிவுத் தலைவர் சொல்லச் சொல்ல அடித்தேன். தாள்கள் அழிக்கப்படவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நாற்பத்திரண்டு கட்டுகளையும் எண்ணி, இரண்டாவது மாடியில் உடைந்த மின்விசிறிகள் போட்டிருக்கும் அறையில் வைத்துப் பூட்டியவளே நான். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது, மேலே இருப்பவர் சொல்கிறார், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

இந்த வருடத் தேர்வுக்கு வரும் விண்ணப்பங்களுக்கு நான்தான் வரிசை எண் முத்திரை குத்துகிறேன். போன முறை நாலாயிரத்தைத் தாண்டியது. இந்த முறை கடைசி நாளன்று கடைசித் தாளில் குத்திய எண் தொள்ளாயிரத்துப் பதினாறு. பக்கத்து மேசைக்காரர், “நல்லதாப் போச்சு, வேலை குறைஞ்சது” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூவாயிரம் பிள்ளைகள் எங்களைத் திட்டக்கூட வரவில்லை. சத்தமில்லாமல் கைகழுவிவிட்டார்கள்.

ஒருத்தி மட்டும் விடவில்லை. உன்னோடு தேர்வு எழுதிய தையல்காரர் மகள். அதே பதில்தான் அவளுக்கும் போனது. அவள் மேல்முறையீடு செய்திருக்கிறாள். வரும் வியாழக்கிழமை விசாரணை, கோப்பை எடுத்துக்கொண்டு நானும் போக வேண்டும். பிரிவுத் தலைவர் நேற்று என்னைக் கூப்பிட்டு, “ரெண்டு நாள் லீவு போட்டுக்கோங்கம்மா, முழங்கால் வலின்னு எழுதிக் குடுங்க” என்றார். இத்தனை வருடத்தில் என் முழங்காலை அவர் விசாரித்தது இதுதான் முதல் தடவை.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. சித்தப்பாவிடம் சொன்னேன். “உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை” என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நாலு தடவை நடந்தார். ஐந்தாவது தடவை வந்து நின்று, “பஸ்ல போகாதே, நெரிசல்ல முட்டி போயிடும். நான் வண்டில கொண்டுபோய் விடுறேன்” என்றார்.

போகத்தான் போகிறேன்.

அன்புடன்,
சித்தி


அன்புள்ள மகளுக்கு,

மூன்று வாரத்துக்கு முன் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. நானாக இருந்தாலும் உடனே எழுதியிருக்கமாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

விசாரணை அறை சின்னது. ஒரு நீள மேசை, எட்டு நாற்காலி, லாரி மாதிரி சத்தம் போடும் ஒரு ஏசி. தையல்காரர் மகள் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தாள்கள் இல்லை என்று பிரிவுத் தலைவர் மூன்று முறை அடித்துச் சொன்னார். விசாரணை அதிகாரி பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். எழுதி முடித்துவிட்டால் அத்தோடு அந்தப் பெண்ணின் மனு முடிந்தது. நான் எழுந்தேன்.

“ஐயா, தாளை அழிக்கல. ரெண்டாவது மாடியில இருக்கு. சாவி என் கைப்பையில இருக்கு.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “அழிச்சாச்சுன்னு லெட்டர் டைப் பண்ணது யாரு?”

“நான்தாங்க. பொய்னு தெரிஞ்சேதான் பண்ணேன்.”

சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அன்றே பூட்டைத் திறந்தார்கள். வர விரும்பிய பிள்ளைகளையெல்லாம் எதிரே உட்கார வைத்து, ஒன்பது நாள் தாள் தாளாகச் சரிபார்த்தார்கள். தேர்வான பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்கு மார்க் கூட்டிப் போடப்பட்டிருந்தது. அந்த ஐந்து இடமும் உரியவர்களுக்குப் போய்விட்டது, தையல்காரர் மகளும் அதில் ஒருத்தி. பிரிவுத் தலைவர் சஸ்பெண்ட். எனக்கும் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்து, தபால் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பொய்க்குக் கை கொடுத்தவளுக்கு அது நியாயம்தான். நாள் முழுக்க உறைகளுக்குப் பசை தடவுகிறேன். “புரமோஷன் எப்படிப் போகுது?” என்று சித்தப்பா தினமும் கேட்கிறார்.

இதற்கு மேல் எழுத இரண்டு நாள் தயங்கினேன். எல்லோருடைய மார்க்கும் நுழைவாயில் சுவரில் ஒட்டியிருக்கிறது. உன் எண்ணைத் தேடிப் பிடித்தேன். அறுபத்தொன்று. கடைசியாகத் தேர்வானவரின் மார்க் அறுபத்தேழு. உன் மார்க்கில் யாரும் கை வைக்கவில்லை. உனக்கு வரவேண்டிய வேலையைத்தான் யாரோ பறித்துவிட்டார்கள் என்று நானும் உன்னைப் போலவே நம்பிக்கொண்டிருந்தேன்.

இதை எழுத வேண்டாம், பிள்ளை மனசு ஒடிந்துபோகும் என்றாள் உன் அம்மா. உன்னிடமும் மறைத்தால், அந்த அறையில் நான் எதற்காக எழுந்து நின்றேன்? ஆறு மார்க்தான் குறைவு என்று அன்றே தெரிந்திருந்தால் நீ அடுத்த தேர்வுக்கு உட்கார்ந்து படித்திருப்பாய். அந்த ஒரு வருடத்தை உன்னிடமிருந்து எடுத்ததில் எனக்குப் பங்கு உண்டு. அதற்கு விளக்கம் கேட்டு மெமோ அனுப்ப வேண்டியவள் நீ.

இந்த வருடத் தேர்வுக்கு மறுபடியும் விண்ணப்பம் வாங்குகிறார்கள், கடைசி நாள் அடுத்த மாதம் இருபதாம் தேதி. இனி தேர்வு முடிந்த பிறகு அவரவர் தாளை அவரவர் பார்க்கலாம் என்று எழுத்தில் உத்தரவு வந்திருக்கிறது. பழைய தாள்களும் முப்பது நாள் பார்வைக்கு இருக்கும்.

நான் சொல்வதை நம்பி நீ எதுவும் செய்ய வேண்டாம். நேரில் வா. உன் தாளை நீயே புரட்டி, ஒவ்வொரு மார்க்காகக் கூட்டிப் பார். தப்பிருந்தால் அங்கேயே சத்தமாகக் கேள், பதில் சொல்லாமல் அவர்கள் எழுந்து போக முடியாது. அதன்பிறகும் கிடங்கு வேலையே போதுமென்று தோன்றினால் திரும்பிப் போ, நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

பஸ் நிலையத்துக்கு உன் அம்மா வருவாள். நான் வீட்டில் இருப்பேன். என் முகத்தைப் பார்க்க உனக்கு என்றைக்கு மனசு வருகிறதோ அன்றைக்குக் கதவைத் தட்டு, ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, அடுத்த வருடமானாலும் சரி. எந்த ஊரில் இருந்தாலும் யாருக்கும் தலைகுனியாமல் நன்றாக இரு, மகளே.

உன்
சித்தி