டென்ட்டை யார் தூக்குவது?

மொட்டை மாடிக் கொடியில் உன் டென்ட்டை விரித்துப் போட்டிருக்கிறேன். வருஷக்கணக்கில் மூட்டையாகவே கிடந்ததில் ஈர நெடியும் பாச்சை உருண்டை வாசனையும் மூக்கைத் துளைக்கின்றன. ஆனாலும் முகத்தை அதில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். நீ பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. அடுத்த மாடியில் துணி காயப்போட வந்த பெண் ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும்.

வரும் சனிக்கிழமை நம் குழு சக்லேஷ்பூர் பக்கம் மலை ஏறுகிறது. நீ போன பிறகு நான் எந்த மலைக்கும் போகவில்லை. இந்த முறை ஏதோ ஒரு தைரியத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் கணக்கு உதைத்தது. நாம் நடந்த வருஷமெல்லாம் டென்ட் உன் பையில், அடுப்பும் பாத்திரமும் என் பையில். இப்போது இரண்டும் என் முதுகில்தான் ஏற வேண்டும். அந்த முதுகும் பழைய முதுகு இல்லை. எட்டு கிலோவுக்கு மேல் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் அடைத்து நிறுத்துப் பார்த்தேன். பத்தைத் தாண்டியது. பை இறங்கவில்லை என்றால் மலைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

நம் முதல் பயணத்தை மறந்திருக்க மாட்டாய். பீன்யா ஆபீஸில் எதிரெதிர் மேஜைக்காரிகள் நாம், மலை என்றால் என்னவென்று தெரியாத இரண்டு பேர். மலை உச்சியில் சுடச்சுட ஊத்தப்பம் சாப்பிடலாம் என்று நான் எவர்சில்வர் தூக்கு நிறைய இட்லி மாவும் ஒரு தோசைக்கல்லும் கொண்டுவந்தேன். மாவுக்கு நாம் டூர் போவது தெரியுமா? பஸ் சூட்டில் அது பாட்டுக்குப் பொங்கி, மூடியைத் தள்ளி, மேலே பை வைக்கும் தட்டிலிருந்து கீழே உட்கார்ந்திருந்தவர் சட்டையில் சொட்டியது. “ஏனம்மா இது, சுண்ணவா?” என்று கண்டக்டர் கன்னடத்தில் கேட்டார். “சுண்ணாம்பு இல்ல சார், டிபன்” என்று நீ சொன்ன பிறகு அந்தப் பஸ்ஸே சிரித்தது. மாவு போனது, கல் மிச்சம். அந்தக் கல்லைப் பாதி வழி நீதான் சுமந்தாய், என் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே.

அதற்குப் பிறகுதான் உன் சட்டம் வந்தது. அவரவர் பையை அவரவர் கட்டக் கூடாது, இன்னொருத்திதான் பிரித்துப் பார்த்துக் கட்ட வேண்டும். கிளம்புவதற்கு முன் மர்பி டவுனில் உங்கள் வீட்டுக் கட்டிலில் இரண்டு பையையும் கவிழ்ப்போம். என் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, “இது இல்லேன்னா செத்துடுவியா?” என்பாய். மாட்டேன் என்றால் அது கட்டிலோடு நின்றுவிடும். இரண்டாவது துண்டு, கண்ணாடி பாட்டில் ஊறுகாய், சீப்பின் பாதி எல்லாம் அப்படித்தான் போயின. புளிச்சோறு போய்ப் புளிக்காய்ச்சல் வந்தது. பிரட், ஜாம் போய் அவல் வந்தது. உன் பவுடர் டப்பாவை நான் பிடுங்கியபோது மட்டும், “அடிப்பாவி, அது மருந்துடி!” என்று என் கையைக் கடிக்க வந்தாய்.

நாம் எடுக்க எடுக்க உன் அக்கா வைத்துக்கொண்டிருப்பார். டீச்சர் அல்லவா, பதுங்கி வருவதில் பழக்கம். ரவா லட்டு டப்பாவும் ஜபமாலையும் நமக்குத் தெரியாமலே மலை ஏறியிருக்கின்றன. “மலையில என்ன இருக்குது, கல்லுதானே? அத இங்கயே பாத்தா ஆவாதா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் உன் பையை நான்தான் கட்டினேன். “ரெண்டு நைட்டி போதும்டி, சீக்கிரம் வந்துடுவோம்” என்றாய். வரவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

நேற்று என் பையையும் டென்ட்டையும் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். சட்டம் சட்டம்தானே, பிரிக்க ஓர் ஆள் வேண்டும். அக்கா எதையாவது உள்ளே திணிப்பார் என்று பயந்தேன். மாறாக, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, பரீட்சைத் தாள் திருத்துவதுபோல ஒவ்வொன்றாக வெளியே போட்டார். டம்ளர் போனது, தலையணை உறை போனது. அடியில் உன் நீல ஜாக்கெட் வந்தது. துவைத்துத் தருகிறேன் என்று நான் வாங்கிவந்து தராமலே போனது.

“இது அவளோடதாச்சே. உனக்குப் பத்தாதே.”

“தெரியும்க்கா. அவளும் வரட்டும்னுதான்.”

அக்கா அதை மடியில் வைத்துச் சுருக்கங்களை நீவினார். பிறகு, “இப்ப சரியா இருக்குதா?” என்றார்.

“இல்லக்கா. டென்ட்டு இருக்குதே. என்னால போக முடியாதுபோல.”

அவர் எழுந்து பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார். கை குட்டை, ஜிப் பாதியில் நின்றுவிட்டது. அதை இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டார்.

“உடம்புல போட்டுட்டா பையில கனம் இல்லல்ல?”

“இல்லக்கா.”

“டென்ட்டுல ரெண்டு பேர் படுக்கலாமா?”

“தாராளமா.”

“அப்போ அத நான் தூக்கறேன். தினம் ஸ்கூலுக்கு நடந்துதான் போறேன், பாக்கலாம் உங்க மலைய. ஆனா இந்த நாத்தத்த வெயில்ல காய வெச்சு எடுத்துனு வா.”

நான் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவரும் அழுதார். காபி கலக்கும்போதும் ஜாக்கெட்டை அவர் கழற்றவில்லை.

இத்தனை நாளும் உன்னை நான் ஒருத்திதான் தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டில் அவரும் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். சனிக்கிழமையிலிருந்து ஆளுக்குப் பாதி.